குமிழ் உடைந்தால் என்ன ஆகும்? பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

சோடாவின் மேல் மிளகுத்தூள் தூவினேன். குமிழ் உடையும்போது மேலே எழும் நீர்த்தாரை குட்டையாகிவிட்டது. ஏன்? (அல்சூர்)

குமிழ் எத்தனை மில்லிமீட்டர்? தூள் எவ்வளவு நைஸ்? இரண்டும் கடிதத்தில் இல்லை. அளவு எழுதாதவருக்கு அரைப் பதில்தான். குமிழின் மேல்தோல் கிழிந்ததும், அது விட்டுச்செல்லும் குழியின் விளிம்பிலிருந்து சிற்றலைகள் இறங்கி அடியில் மோதும். தாரை அங்கிருந்துதான் கிளம்புகிறது. மிதக்கும் தூள் அந்த அலைகளை அடக்கும். ஒரே பக்கமாக ஒட்டியிருந்தால் தாரை சாயும். அதற்காக 'தூசி என்றால் தாரை பலவீனம்' என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். சற்றே பிசுபிசுப்பான திரவத்தில் மிகப் பொடி அலைகள் மட்டும் அடங்கி, தாரை மெலிந்து வேகம் கூடுவதும் உண்டு.

மொபைல் வீடியோவில் தாரையே பதிவாகவில்லையே? (ஒயிட்ஃபீல்டு)

வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லிசெகண்ட். மில்லிமீட்டர் குமிழின் ஆட்டம் அதற்குள் முடிந்துவிடும்.

அபார்ட்மெண்ட் எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) காற்றுக் குமிழ் விடும் ஏரேஷன் டேங்க் திறந்தே கிடக்கிறது. நாற்றம் இல்லை, பரவாயில்லைதானே? (சர்ஜாபூர் ரோடு)

யார் சொன்னது? நாற்றம் அடித்தால் அசோசியேஷன் மீட்டிங். மூக்குக்குத் தெரியாவிட்டால் ஒன்றுமேயில்லை! மேலே ஏறும் குமிழ் வழியிலுள்ள பாக்டீரியாவைத் தோலில் ஒட்டிக்கொண்டே வருகிறது. தாரையாக எழும் நீரில் பெரும்பங்கு அந்தத் தோலை ஒட்டிய மெல்லிய படலம்தான். அதனால் தாரை உதிர்க்கும் துளிகளில் பாக்டீரியா, அடியிலுள்ள தண்ணீரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிந்திருக்கலாம். பிளான்சார்டு, சிஸ்டெக் என்ற இரு விஞ்ஞானிகள் 1970-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். துளியின் குறுக்களவு, குமிழுடையதில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. பெரியது அங்கேயே விழும். சிறியது காய்ந்து காற்றோடு போகும். டேங்குக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளின் சைக்கிள் ஸ்டாண்டை வைத்திருப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். மூடி போடுங்கள், ஆனால் அடைத்துவிடாமல், காற்றுப்போக்கிக் குழாயை மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். ஆபரேட்டருக்கு மாஸ்க் கொடுங்கள். செலவு என்பார்கள். லாபி டைல்ஸ் மாற்ற மட்டும் காசு இருந்ததே! டேங்க் அடியில் காற்றைக் குமிழாக்கும் டிஃப்யூசர் விடும் குமிழின் அளவையும் கேட்டு வையுங்கள்.

பெல்லந்தூர் ஏரி நுரையும் இதே கதையா?

இல்லை. சோப்புச் சரக்கு குமிழ்த்தோலை உடையவிடாமல் தாங்குவதுதான் நுரை. உடையாத குமிழில் தாரை ஏது?

தண்ணீருக்குள் சுருங்கும் குமிழ் எந்தப் பக்கம் பீச்சும்? (பீன்யா)

கெட்டிச் சுவர் அருகே என்றால் சுவரை நோக்கி; பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் அரிக்கப்படுவதில் அதற்கும் பங்குண்டு. திறந்த நீர்ப்பரப்பு அருகே என்றால் பரப்பை விட்டுக் கீழே. நடுவில் ஏதாவது மிதந்தால்? அதன் அளவையும் குமிழிலிருந்து தூரத்தையும் எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்.