சரளைப் பாதையில் பனி: இரண்டு விரற்கடை விட்டுவையுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்து ஹிமெவில் அருகே சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறோம். தார்ச்சாலையிலிருந்து வீடு வரைக்கும் 150 மீட்டர் சரளைப் பாதை, 3 மீட்டர் அகலம், பாதி வழியில் மாடு தாண்டாமலிருக்க ஒரு இரும்புக் கிரிட். 2024 செப்டம்பர் பனியில் விருந்தாளிகளோடு நாங்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டோம். அதைக் கேட்டதும் கனடாவில் இருக்கும் என் மச்சான் தன்னுடைய பழைய பெட்ரோல் ஸ்னோபுளோவரை (பனியை வாரி எறியும் எந்திரம், 61 செ.மீ. அகலம், இரண்டு கட்ட வகை) வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிவிட்டார். அதைச் சரளையில் ஓட்டலாமா? கல் பறக்காதா? எந்தப் பெட்ரோல் ஊற்றுவது?

பதில்: கல் பறக்கும். பறக்காமல் ஓட்ட முடியும், ஆனால் மச்சான் சொல்லித்தரும் முறையில் அல்ல. அவர் ஊரில் பெரிய பனி விழுவதற்குள் மண் பல வாரம் உறைந்துகிடந்திருக்கும். சரளை மண்ணோடு சேர்ந்து சிமென்ட் தளம் மாதிரி இறுகிவிடும். டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்தில் அப்படி இல்லை. முந்தாநாள் வரை வெயில் காய்ந்த தரையில்தான் பனி கொட்டுகிறது. அடியில் கல் உதிரியாகக் கிடக்கும், மண் ஈரத்தில் குழைந்திருக்கும், பனியும் தண்ணீர் கோத்த கனமான பனி. கனடாக்காரர்கள் சரளைக்கு 2.5 முதல் 3 செ.மீ. உயரம் விடச் சொல்வார்கள். நீங்கள் 4 செ.மீ. விடுங்கள், அதாவது இரண்டு விரற்கடை. தரை தெரியும்வரை வழிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் பனியை டயர் அழுத்திக் கெட்டிப்படுத்திவிடும், கல்லையும் அதுவே பிடித்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வெயிலில் அதுவும் கரைந்துவிடும்.

மச்சான் அனுப்பியது இரண்டு கட்ட வகை என்பது நல்ல காலம். ஒரு கட்ட எந்திரத்தில் ரப்பர் விளிம்பு வைத்த சுழலி தரையைத் தொட்டுக்கொண்டே ஓடும், கல்லைப் பொறுக்கி வீசுவதற்கே செய்தது போலிருக்கும். இரண்டு கட்டத்தில் முன்னால் இருக்கும் திருகு பனியை நடுவுக்குத் தள்ளும், பின்னால் இருக்கும் விசிறி அதைக் குழாய் வழியாக எறியும். திருகு தரையைத் தொடாது. எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை இரண்டு பக்கமும் முகப்பைத் தாங்கிச் சறுக்கும் பாதங்களான ஸ்கிட் ஷூக்கள்தான் முடிவு செய்கின்றன.

ஆகவே முதல் வேலை அந்த ஷூக்களைச் சரிசெய்வது. பனி வருவதற்கு முன், சிமென்ட் தரையில் நிதானமாகச் செய்யுங்கள். முதலில் இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் முகப்பு ஒரு பக்கம் சாய்ந்து, நீங்கள் செய்யும் அளவெல்லாம் வீண். எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். முகப்பின் அடியில் குறுக்காக ஒரு இரும்புச் சுரண்டுதகடு இருக்கும். அதன் இரண்டு முனைக்கும் அடியில் 4 செ.மீ. கனமுள்ள மரத்துண்டு ஒன்றை வையுங்கள். இரண்டும் ஒரே பலகையில் அறுத்ததாக இருக்கட்டும். ஷூவின் நட்டுகளைத் தளர்த்தினால் ஷூ நழுவிக் கீழே இறங்கித் தரையில் உட்காரும். அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். பிறகு மரத்துண்டுகளை உருவிவிட்டு எந்திரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது.

சில எந்திரங்களில் ஷூவின் காடி அவ்வளவு தூரம் இறங்காது. அப்போது 3 செ.மீ.யோடு திருப்திப்பட்டுக்கொண்டு, முதல் நடைக்கு முன் பக்கியை (பிக்கப் வண்டியை) ஒரே ஒரு முறை மெதுவாக ஓட்டி அடிப்பனியை அமுக்கிவிடலாம். ஆனால் பனி ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் மட்டும். இரும்பு ஷூ குறுகலாக இருந்தால் ஈர மண்ணில் கலப்பை மாதிரி இறங்கும். பனிச்சறுக்குக் கட்டை போல முன்னும் பின்னும் வளைந்த அகலமான பிளாஸ்டிக் ஷூக்கள் கிடைக்கின்றன, மச்சானிடம் ஒரு ஜோடி கேளுங்கள். செலவழித்தது வீண்போகாத சாமான் அது.

இப்போது கணக்கு. 150 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரு அடி (30 செ.மீ.) பனி என்றால் 135 கன மீட்டர். புதுப் பொடிப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப்பனி 200 கிலோவைத் தாண்டும். அதாவது நீங்கள் இடம் மாற்றப்போவது 27 டன். இந்தப் பனியில் முழு அகலத்துக்கும் வாயைக் கொடுத்தால் எஞ்சின் திணறும், குழாய் அடைக்கும். பாதி அகலத்துக்கும் சற்றுக் குறைவாக, 25 செ.மீ. மட்டும் கொடுங்கள். அப்படியானால் 12 நடை, மொத்தம் 1.8 கிலோமீட்டர். இடையில் நிறுத்துவதையும் சேர்த்தால் மூன்று மணி நேர வேலை. வேகத்தைக் குறைக்கக் கியரைத்தான் குறைக்க வேண்டும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைக்கக் கூடாது, அது எப்போதும் முழுசாகத் திறந்திருக்கட்டும். விசிறி மெதுவாகச் சுற்றினால் ஈரப்பனி குழாயை விட்டு வெளியே போகாது.

பாதையின் நடுவிலிருந்து தொடங்குங்கள். போகும்போது ஒரு ஓரத்துக்கும் திரும்பும்போது மறு ஓரத்துக்கும் எறிந்துகொண்டே விளிம்புக்கு நகருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால், எறிந்த ஈரப்பனி பாதையிலேயே விழுந்து அதையே இரண்டாம் முறை வார வேண்டிவரும். பலத்த காற்று அடித்தால் மட்டும் இந்த முறையை விட்டுவிட்டு, காற்று வரும் ஓரத்தில் ஆரம்பித்து, காற்று போகும் பக்கம் எறியுங்கள். குழாயின் மூடியைத் தாழ்த்தி வையுங்கள். தப்பித்தவறி ஒரு கல் ஏறிவிட்டாலும் அது ஓர் ஆள் உயரத்துக்குப் பறக்காமல் அருகிலேயே புல்லில் விழும். எறியும் பக்கத்தில் ஜன்னல், கார், பிள்ளைகள், நாய் எதுவும் இருக்கக் கூடாது. விருந்தாளிகள் போன் எடுத்துக்கொண்டு படம் பிடிக்க வருவார்கள், அவர்களை முதலில் உள்ளே அனுப்புங்கள்.

எப்போது தொடங்குவது என்பதுதான் பாதி வெற்றி. பனி நின்ற மறுநாள் விடிந்ததும் தொடங்குங்கள். இரவுக் குளிரில் மேல்மண்ணும் கல்லும் கொஞ்சம் இறுகியிருக்கும், பனியும் சற்றுக் காய்ந்து பொடிபோல் இருக்கும். பத்து மணி வெயில் ஏறிவிட்டால் அது கஞ்சி. அதோடு, நடுவில் யாரும் வண்டி ஓட்ட விடாதீர்கள். உயரமான பனியில் டயர் பதித்த தடம் இரவில் கண்ணாடியாக உறையும், ஸ்னோபுளோவர் அதன்மேல் ஏறிப் போகுமே தவிர வழிக்காது. இன்னொன்று: மச்சான் அனுப்பும் வீடியோக்களில் தெற்குப் பார்த்த பாதை சீக்கிரம் கரையும் என்பார்கள். நமக்குச் சூரியன் வடக்கே. வீட்டுக்கும் மரவரிசைக்கும் தெற்கே நிழலில் கிடக்கும் துண்டுதான் கடைசிவரை கரையாது. காலையில் அதை முதலில் எடுங்கள்.

இரும்புக் கிரிட்டை எந்திரத்தால் வாராதீர்கள். ஷூ கம்பிகளுக்கு நடுவே விழும், திருகு கம்பியைக் கடிக்கும். கிரிட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே திருகை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மண்வெட்டிதான். கடக்கும்போது கைப்பிடியை அழுத்தி முகப்பைத் தூக்கி, மேலே பலகை போட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். மே மாதத்திலேயே பாதையின் இரு ஓரமும் ஐந்தைந்து மீட்டருக்கு ஒரு வாட்டில் மரக்குச்சி நட்டு நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். தோட்டத்து ஹோஸ் குழாய், மின்வேலிக் கம்பி, செய்தித்தாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஈரச் செய்தித்தாள் கல்லை விட மோசம், திருகில் சுற்றிக்கொண்டு அவிழாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் கல் சிக்கும். டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் திருகின் ஒரு பாதி சுற்றும், மறு பாதி சும்மா நிற்கும். பயப்பட வேண்டாம், ஷியர் பின் முறிந்திருக்கிறது. முறிவதற்காகவே வைத்த மெத்தென்ற போல்ட் அது. அது முறியாவிட்டால் கியர்பாக்ஸின் பல் போகும். எஞ்சினை அணைத்து, கல்லை எடுத்துவிட்டு, துளைகளை நேராக்கிப் புதுப் பின்னைப் போடுங்கள். ஹார்டுவேர் கடையில் அளவு சரியாகப் பொருந்தும் உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லுக்குக் கியர்பாக்ஸ்தான் பலி, அதற்கு இங்கே உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். மச்சானிடம் அந்த மாடலுக்கான பின் ஒரு டஜனும், திருகையும் சக்கரத்தையும் ஓட்டும் பெல்ட்டில் ஒவ்வொன்றும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ரப்பர் கருகும் வாசம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது, பாரத்தைக் குறையுங்கள்.

குழாய் அடைப்பதும் நிச்சயம். இங்கேதான் விரல்கள் போகின்றன. கையை விடாதீர்கள், எஞ்சின் அணைந்திருந்தாலும் விடாதீர்கள். இறுகிய பனியில் முறுக்கிப் பிடித்து நிற்கும் விசிறி, அடைப்பு விலகியதும் ஒரு கால் சுற்றுச் சுற்றும், விரலுக்கு அது போதும். திருகின் லீவரை விடுங்கள், எஞ்சினை அணைத்துச் சாவியை எடுங்கள், எல்லாம் நிற்கும்வரை பொறுங்கள், பிறகு எந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் துடுப்பாலோ ஒரு கம்பாலோ குத்தி எடுங்கள். வேலைக்கு முன்பே குழாயின் உள்புறத்திலும் திருகிலும் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் அடைப்பு பாதியாகக் குறையும்.

எஞ்சின் விஷயம். உங்கள் இடம் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீத சக்தி போகும், ஆக 15 சதவீதம் குறைவு. கடல் மட்டத்துக்குச் சரிசெய்த கார்பரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். கறுப்புப் புகை, பிளக்கில் கரி என்றால் அதுதான் காரணம், உயரத்துக்கான சின்ன ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத்திருகு) மாற்ற வேண்டும். கையேட்டில் 87 ஆக்டேன் என்றிருக்கும். அது வட அமெரிக்க அளவை. நம் ஊர் 93 தாராளமாகப் போதும். எண்ணெய் 5டபிள்யூ-30. ஒரு பொறி மட்டும் உண்டு: எந்திரத்தில் மின்சார ஸ்டார்ட்டர் இருந்தால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் ஸ்டார்ட்டர் எரிந்துபோகும். அந்த வயரையே வெட்டிவிட்டுக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொட்டகைக்குள் ஓட்டி வைக்காதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

பதினோரு மாதம் சும்மா நிற்கப்போகும் எந்திரம் இது. பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரை அடைக்கும். சீசன் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

வாங்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் பனிக்கு, பக்கத்துப் பண்ணையில் டிராக்டரும் பின்பக்க பிளேடும் இருந்தால் அரை மணியில் முடியும். பிளேடு சரளையைத் தோண்டுமே என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. 8 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்து, பிளேடின் வெட்டும் விளிம்பில் மாட்டி போல்ட் போட்டுவிட்டால், உருண்டை விளிம்பு கல்லின் மேல் வழுக்கிப் போகும், தோண்டாது. உப்பு மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். சரளை சேறாகும், புல் கருகும், மாடு வந்து நக்கும். சரிவில் வழுக்கினால் ஆற்று மணலோ அடுப்புச் சாம்பலோ தூவுங்கள்.

பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் இடத்தில் மட்டும், பனியை இரு ஓரமும் எறியாமல் பள்ளமான பக்கத்திலேயே குவியுங்கள். மேட்டுப் பக்கம் குவித்தால் உருகும் தண்ணீர் பாதையைக் கடந்து இரவில் உறையும், பகலில் சரளையை அரித்துக்கொண்டு போகும். ஓர வாய்க்கால்களின் வாயை மண்வெட்டியால் திறந்துவிடுங்கள். எல்லாம் உருகியதும் புல்லில் சிதறிய கல்லைப் பல்வைத்த வாரியால் பாதைக்கே இழுத்துவிடுங்கள். அந்த வேலை முடியும்வரை புல்வெட்டும் எந்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம்.