சரக்கு போகும் வழி, கடதாசி போகும் வழி

அன்பின் ஐயா,

திருகோணமலையில் வணிக முகாமைத்துவம் படிக்கிறேன். சர்வதேச வணிகச் சட்டம் இப்போது ஒரு பாடம். சர்வதேசப் பொருள் விற்பனைக்கான வியன்னா சமவாயம், விற்பவர் வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் இன்கோடேர்ம்ஸ் விதிகள், நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கைத் தீர்க்கும் நடுத்தீர்ப்பு என்று ஆங்கிலக் குறிப்புகள் குவிந்துவிட்டன. பரீட்சைக்குப் பாடமாக்கிவிடலாம். ஆனால் சட்டத்தரணியாகப் போகாத எனக்கு இதெல்லாம் எதற்கு? இலங்கை சேராத சமவாயத்தை ஏன் படிக்க வேண்டும்? நீங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு மாணவி

அன்பின் பிள்ளைக்கு,

கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1980ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தில் இலங்கை இல்லை. இந்தியாவும் பிரித்தானியாவும்கூட இல்லை. நம் நீதிமன்றங்கள் பார்ப்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை. ஆங்கிலேயர் 1893இல் தங்களுக்கு எழுதிக்கொண்டதை மூன்றே வருடத்தில் இங்கேயும் இறக்கிவிட்டார்கள். (நாட்டின் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுப்போனது, வணிகத்துக்கு மட்டும் ஆங்கிலச் சட்டம். உங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டையும் அப்படித்தானே, கை மாறி மாறி வந்தது.)

ஆனால் நீங்கள் ஜேர்மன்காரர் ஒருவருக்கு மீன் விற்கிறீர்கள் என்று வையுங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஜேர்மன் சட்டமே செல்லும்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்த வரியோடு சமவாயமும் உள்ளே வந்துவிடும், அங்கே அது நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. இலங்கை சேர்ந்ததா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டி வழக்கைப் பாருங்கள். சுவிஸ் வியாபாரி ஒருவர் நியூசிலாந்து மட்டியை ஜேர்மனிக்கு விற்றார். அதிலிருந்த காட்மியம் என்ற நச்சு உலோகம், ஜேர்மன் சுகாதாரத் தரப்பு பரிந்துரைத்த அளவைத் தாண்டியிருந்தது. வாங்கியவர் பணம் தரமாட்டேன் என்றார். 1995இல் ஜேர்மன் சமஷ்டி நீதிமன்றம் விற்றவர் பக்கமே நின்றது. வாங்குபவரின் நாட்டு விதிகளை விற்பவர் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவையென்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பொதி சரியில்லை என்ற முறைப்பாடும் பிந்தி வந்ததால் எடுபடவில்லை. இதைச் சமவாயத்தின் 35ஆம், 39ஆம் உறுப்புரைகள் என்று பாடமாக்கினால் பரீட்சை மண்டப வாசலிலேயே மறந்துபோகும். மட்டி மறக்காது.

இன்கோடேர்ம்ஸ் 2020இல் 11 விதிகள். நமக்கு முதலில் வேண்டியது இரண்டு. புல்மோட்டை மணலைப்போல் கப்பலில் அப்படியே கொட்டும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தும், கப்பலில் ஏறியதும் அபாயம் வாங்குபவருக்கு. ஆனால் இங்கே நிரப்பிய கொண்டெய்னர் லொறியில் கொழும்புக்குப் போகிறது. அங்கே முனையத்தில் கையளித்தபின் அது உங்கள் கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. இருந்தும் எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால் கப்பலில் ஏறும்வரை சேதம் உங்கள் தலையில். சரக்கைக் கொண்டுபோகிறவரிடம் கையளித்ததுமே அபாயம் மாறிவிடும் எஃப்.சி.ஏ. இருப்பது அதற்குத்தான். பழக்கதோஷத்தில் நானும் வருடக்கணக்காக எஃப்.ஓ.பி. என்றே அடித்தேன், யாரும் திருத்தவில்லை.

இன்னொன்றும் நான் செய்த பிழைதான். எல்.சி.யில் (கடதாசிகள் சரியென்றால் பணம் தருவதாக வங்கி எழுதித்தரும் நாணயக் கடிதத்தில்) ‘உறைந்த நண்டு’ என்றிருந்தது. விலைப்பட்டியலில் நான் வெறும் ‘நண்டு’ என்று அடித்துவிட்டேன். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. வங்கியோ ஐந்து வேலைநாளுக்குள் கடதாசிகளை ஏற்க மறுத்துவிட்டது. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600இன்படி வங்கி கடதாசியைத்தான் பார்க்கும், நண்டைப் பார்க்காது. வாங்கியவர் சந்தர்ப்பத்தை விடவில்லை, விலையைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். அலுவலகத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. அந்த அலுவலகத்தில் ஒரு சட்டத்தரணியும் இல்லை, வணிகம் படித்த நாங்கள் நாலுபேர்தான் இருந்தோம்.

ஒப்பந்தத்தின் நடுத்தீர்ப்பு வாசகத்தில் அது எந்த ஊரில் என்று மட்டும் முதலில் பாருங்கள். ஒரு நாட்டு நடுத்தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழிசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயத்தில் நாம் இருக்கிறோம், 1995இலிருந்து நமக்கென்று ஒரு நடுத்தீர்ப்புச் சட்டமும் இருக்கிறது. ஆகவே கொழும்பில் வாங்கிய தீர்ப்பை ஹம்பேர்க்கில் நிறைவேற்றக் கேட்கலாம். லண்டன் என்று எழுதியிருந்தால் விமானச் செலவையும் மீன் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஏற்றுமதி செய்கிறவர் யாரிடமாவது முடிந்துபோன ஓர்டர் கோப்பு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பெயரையும் விலையையும் மறைத்துத் தருவார்கள். அதைக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் விரித்து, கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். ஆங்கிலம் தடக்கும் இடத்தைப் பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள்.