அறுபது கான்வாஸும் ஒரு பள்ளத்தாக்கும்

கேள்வி: அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 60 சின்ன கான்வாஸ்களில் வரைந்து சேர்த்து மாட்டினார் என்று படித்தேன். ஒரே பெரிய கான்வாஸ் போதாதா? நான் மலைக்காட்சி வரைந்தால் காலண்டர் படம் மாதிரியே வருகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அந்தப் படத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அம்மா. மகள் வீட்டுக்குக் கான்பெரா போயிருந்தபோது, அங்குள்ள ஆஸ்திரேலிய தேசிய ஓவியக்கூடத்தில். 1998-ல் வரைந்தது. வரிசைக்கு 12 வீதம் ஐந்து வரிசை. ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலம். பின்னால் தள்ளி நின்று முழுதையும் பார்க்க முயன்றேன். பிடிபடவில்லை. இடது ஓரத்திலிருந்து மெல்ல நடந்தேன், படம் திறந்துகொண்டது. எந்த இடத்தில் நின்றாலும் எதிரே இருக்கும் பாறை என்னையே பார்க்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம், ஆழம் சில இடங்களில் 1.6 கிலோமீட்டருக்கும் மேல். தலையைத் திருப்பாமல் அதை யாராலும் பார்க்க முடியாது. ஹாக்னி 1982-லேயே கேமராவோடு அங்கே போனவர். ஒரு போட்டோவுக்குள் அது அடங்காததால், திசைக்கு ஒன்றாக நிறைய எடுத்து ஒட்டிப் பார்த்தார். அந்தத் தேடல்தான் 60 கான்வாஸில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு முறை திரும்பிப் பார்த்த பார்வை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரியும் என்று முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1870-களில் இதே இடத்தை வரைந்த அமெரிக்க ஓவியர் தாமஸ் மோரன்கூட மேகத்தையும் மூட்டத்தையும் வைத்துத்தான் பிரமாண்டம் காட்டினார். ஹாக்னியிடம் மூட்டமே இல்லை. கடைசிப் பாறையும் சுடச்சுட ஆரஞ்சு, சிவப்பு. வானம் மேலே ஒரு ஒல்லிப் பட்டை, அவ்வளவுதான். அன்று அந்தப் பாடத்தை நான் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது.

உங்கள் படம் காலண்டர் மாதிரி வருகிறதென்றால், போட்டோவைப் பார்த்து வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹாக்னியும் பெரிய படத்தை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவில்தான் வரைந்தார். ஆனால் பள்ளத்தாக்கை நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். நீங்களும் ஒன்பது சின்னத் தாள்களோடு மலைக்குப் போங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து, தாளுக்கு ஒரு திசையாகத் திரும்பி, நேரெதிரே தெரிவதை மட்டும் வரையுங்கள். விளிம்புகள் கொஞ்சம் சேராவிட்டாலும் திருத்த வேண்டாம். ஒன்பதையும் சுவரில் ஒட்டிய பிறகு எனக்கு எழுதுங்கள்.