புராஜெக்ட் தலைப்பை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. ஜனவரியில் தலைப்பு கொடுக்க வேண்டும். ‘படத்தைப் பார்த்து மீன் வகை கண்டுபிடிக்கும் ஏஐ’ என்று ஒரு புராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். புரோகிராம் கோடு, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தலைப்பு நல்லதுதான், ஆனால் அதை நீங்களே செய்யலாம். சென்டரில் விலைக்கு வாங்கிய, கடல் எல்லை தாண்டினால் மீனவரை எச்சரிக்கும் ஜிபிஎஸ் பெட்டியை எத்தனை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பார்த்துவிட்டேன்! பெட்டியில் ஒட்டிய பெயர் மட்டும் மாறியிருக்கும். “படகில் வைத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டால் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பார்கள். பணம் வாங்கியவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

தரவு எங்கிருந்து வரும் என்பதை முதலில் பாருங்கள். உங்களுக்குக் கரை பக்கத்திலேயே இருக்கிறது. சூடை, காரல், நகரை, பாறை, ஊளி என்று ஐந்து வகை போதும். வகைக்கு 150 படம், செல்போனில் எடுங்கள். பெயரில் சந்தேகம் வந்தால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது; புராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியரான கைடிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். மொபைல்நெட் போல, படங்களை அடையாளம் காண ஏற்கெனவே பழகிய ஏஐ மாடல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கடைசிப் பகுதியை மட்டும் உங்கள் படங்களால் பழக்கினால் போதும்.

ஒரு பொறி உண்டு. ஒரே மீனை இருபது கோணத்தில் எடுத்து, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் போட்டால் 98 சதவீதம் சரி என்று காட்டும். பார்த்த கேள்வியையே பரீட்சையில் கேட்ட மாதிரி அது. படங்களை நாள்வாரியாகப் பிரியுங்கள்; கடைசி நாட்களின் படங்களைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். 75 சதவீதம் வந்தாலும் அது உங்கள் 75.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் படம் எடுத்து முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் கலங்க வேண்டாம். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகு போகும். ஆனால் வலை வேறு, வரும் மீனும் வேறு. நாட்டுப்படகு மீனைத் தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் எதனால் கணிப்பு தவறியது என்று சொல்ல முடியாது.

கல்லூரிகள் ஒரு வாரத்தில் தலைப்பு கேட்கின்றன. “பிளாக்செயின் (பதிவுகளை மாற்ற முடியாதபடி சேமிக்கும் தொழில்நுட்பம்) சேர், அப்போதுதான் வெயிட்டாக இருக்கும்” என்கிறார்கள். ஒரு கைடுக்குப் பத்துக் குழு. இந்த அவசரத்தில்தான் சென்டர்காரர் பிழைக்கிறார். ஜூலையிலேயே தலைப்பைப் பேசத் தொடங்கினால் என்ன கெட்டுவிடும்? சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சரி, நாளைக் காலை மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போங்கள். ஐம்பது படத்தோடு கைடைப் பாருங்கள்.