மாதிரிப் பரீட்சை என்றாலே வயிற்றைப் பிரட்டுகிறது

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறேன். பயோ பிரிவில் இரண்டாம் தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கப்போகிறேன். டியூசனில் மாதிரிப் பரீட்சை உள்ள நாளில் காலையிலேயே சத்தி, இரண்டு மூன்று தரம் வயிற்றோட்டம். போகாமல் நின்றுவிட்டால் பத்து மணிக்கே சுகம். அம்மா நடிப்பு என்கிறா. சிநேகிதி படபடப்புக்கு புரோப்ரனலோல் குளிசை தந்தாள். சின்னனில் எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. போடலாமா?

பதில்: வேண்டாம் பிள்ளை, அந்தக் குளிசையைத் தொடாதீர்கள். தொய்வு இருந்தவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி, உயிராபத்தில் கொண்டுபோய் விடலாம்.

நீங்கள் நடிக்கவில்லை. பயம் வந்தால் இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடல் விரைவாகிறது. அதனால்தான் சத்தியும் ஓட்டமும் ஒன்றாக வருகின்றன. இதைப் பதகளிப்பு என்போம்.

போகாமல் நின்றதும் சுகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். தப்பிவிட்டோம் என்ற அந்த நிம்மதியை மூளை பிடித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை வயிறு இன்னும் முந்திக் கலங்கும். போகாமல் நிற்க நிற்கப் பயம் வளரும்.

உடனே மண்டபத்தில் போய் இருக்கச் சொல்லவில்லை. வீட்டில் தொடங்குங்கள். பழைய வினாத்தாளில், உங்களுக்குப் பிடிபடாத அலகில் 10 பல்தேர்வு வினாக்களை மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். நாலுதான் சரி வந்ததா? சரி, அந்த நாலை எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். உடனே புத்தகத்தைத் தூக்காமல் அந்தப் புள்ளியோடு கொஞ்ச நேரம் இருங்கள். நெஞ்சு படபடக்கும், பிறகு தானாகவே இறங்கும். அது இறங்குவதை நீங்களே காணவேண்டும், மருந்து அதுதான். பழகியதும் 50 வினாக்களையும் 2 மணித்தியாலத்தில், பிறகு சிநேகிதியோடு, பிறகு டியூசனில்.

அன்று காலை வெறும் வயிற்றில் சாயம் கூடின பிளேன்ரீ வேண்டாம். இரண்டு இடியப்பமாவது சாப்பிடுங்கள்.

அம்மா, இதை நீங்களும் வாசியுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தரம் ஏ.எல். எழுதலாம். சந்திக்குச் சந்தி 3ஏ எடுத்தவர்களின் படத்தோடு பனர் கட்டும் ஊரில், இரண்டாம் தரம் எழுதும் பிள்ளை வெளியே தலைகாட்டுவதே பெரும்பாடு. அந்த நாலு புள்ளியைக் காட்டும்போது ஏசாதீர்கள், ஒப்பிடாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும்.

மலத்தில் இரத்தம், எடை குறைதல், நித்திரையில் எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால் வேறு நோயா என்று பார்க்கவேண்டும், தைரொயிட்டும் சோதிக்கலாம். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் யாழ். போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அம்மாவோடு போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.