ஃபாரன்ஹீட், மைல் குழப்பம்: கன்வெர்ட் பண்றத நிறுத்துங்க

அமெரிக்கா வந்து 3 மாசம் ஆகியும் ஒவ்வொண்ணுக்கும் போன எடுத்து கன்வெர்ட் பண்ணிட்டே இருக்கேன்னு எழுதியிருந்தீங்க, நானும் அப்படித்தான் இருந்தேங்க. கணக்கு போடுற வரைக்கும் மனசுல ஒட்டவே ஒட்டாது, நாலஞ்சு நம்பர மட்டும் அப்படியே மனப்பாடம் பண்ணிக்கங்க.

வெதர் பாக்குறப்ப 32, 50, 68, 86, 104. செல்சியஸ்ல இது வரிசையா 0, 10, 20, 30, 40, அதாவது 10 ஏறினா இங்க 18 ஏறும், அவ்ளோதான். காய்ச்சலுக்கு 98.6, 102 எல்லாம் நமக்கு ஏற்கெனவே பழக்கம்தானே, அப்ப வெளிய 104னு போட்டிருந்தா எவ்ளோ சூடுன்னு உடம்புக்கே புரியும்.

போன் ஆப்லயும் கார்லயும் யூனிட்ட மாத்தி வைக்காதீங்க, அதான் நீங்க பண்ற தப்புன்னு நெனைக்கிறேன். ரோட்டு போர்டு மைல்ல இருக்கும், உங்க மீட்டர் கிலோமீட்டர்ல இருந்தா ரெண்டும் பொருந்தாம குழம்பித்தான் போவீங்க. 60ல போனா நிமிஷத்துக்கு ஒரு மைல், இத வச்சே நேரம் சொல்லிடலாம்.

கேக் சுடுற ஓவன்ல மட்டும் உஷார். நான் பழைய ஞாபகத்துல 180னு வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு தொறந்தா கேக் மாவு அப்படியே கொழகொழன்னு நிக்குது, 180 ஃபாரன்ஹீட்னா வெறும் 82 செல்சியஸ்! நீங்க 350 வைங்க. அப்புறம் அவுன்ஸ், ஃப்ளூயிட் அவுன்ஸ் ரெண்டும் வேற வேற, முன்னது எடை (28 கிராம் சொச்சம்), பின்னது அளவு (30 மில்லி கிட்ட). எனக்கு இன்னமும் அதுல தடுமாத்தம்தான்.