டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா? முதலில் அளவைக் கேளுங்கள்

தம்பி, பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, டீலர் முன்பக்க ரோட்டாரைக் கடையலாம் அல்லது மாற்றலாம் என்று பெரிய தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார், நானே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதத்தில், கையில் இருப்பதைத் திரட்டி வாங்கிய முதல் கார். அந்தக் காகிதத்தைப் பார்த்து உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாம் டிஸ்க் என்பதைத்தான் இங்கே ரோட்டார் என்கிறார்கள்: சக்கரத்தோடு சுழலும், பிரேக் பேட்டுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரும்பு வட்டு. கடைவது என்றால் அதன் முகத்தை லேத் இயந்திரத்தில் கொஞ்சம் சீவிச் சமன் செய்வது. இவ்வளவுக்குக் கீழே தேயக்கூடாது என்று ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு கனம் (தடிமன்) உண்டு. விளிம்பிலோ, நடுவில் கிண்ணம் மாதிரி எழும்பி நிற்கும் பாகத்திலோ அது மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். புதிதில் 28 மி.மீ. இருந்த டிஸ்க்கில் 26 என்று போட்டிருந்தால், அது தேய்வதற்கு உள்ள மொத்த இடமே 2 மி.மீ. தான். ஓடித் தேய்ந்தது போக மிச்சமிருப்பதில்தான் லேத் சீவ வேண்டும். அதனால் டீலருக்கு போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: இப்போது எத்தனை மி.மீ. இருக்கிறது? கடைந்த பிறகு எத்தனை இருக்கும்? பதில் எண்ணாக வர வேண்டும். "ரொம்பத் தேய்ந்துவிட்டது" என்பது பதில் இல்லை.

கூலியையும் யோசியுங்கள். கடைந்தாலும் மாற்றினாலும் கழற்றி மாட்டும் வேலை ஒன்றுதான். கடைசல் என்றால் அதற்கு மேல் லேத் கூலி. மணிக்கணக்கில் கூலி வாங்கும் இடத்தில், சாதாரணக் காருக்கு நான் புது டிஸ்க்தான் போடுவேன். டிஸ்க் இன்னும் நல்ல கனத்தில் இருந்து, அவர்களிடம் வண்டியிலேயே பொருத்திக் கடையும் லேத்தும் இருந்தால் மட்டும் கடைசலுக்குச் சம்மதியுங்கள். அது ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகம்) சேர்த்துச் சுழற்றிக் கடைவதால், ஹப்பில் இருக்கும் கோணலும் சேர்ந்து சரியாகிவிடும்.

இதை அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் என் வண்டியும் இப்படித்தான் உதறியது. ஒரு பணிமனையில் டிஸ்க்கைக் கழற்றிக் கடைந்து மாட்டினார்கள். சில மாதம் நன்றாக ஓடி, மறுபடி உதறல். அப்போது என் கூட வேலை பார்த்தவர் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பனிக்கு ரோட்டில் போடும் உப்பு பட்டு, ஹப்பின் முகத்தில் துரு மரப்பட்டை மாதிரி உரிந்து நின்றது. அதில் நகக்கண் அளவு சில்லு ஒன்று டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே நசுங்கித் தகடாகிக் கிடந்தது. லேத்தில் நேராக நின்ற டிஸ்க், ஹப்பில் ஏறியதும் சாய்ந்துவிட்டது. பல வண்டிகளில் 0.05 மி.மீ. கோணல்தான் அனுமதி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேட்டை உரசும். கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் மெலிந்து, உதறல் திரும்பும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை இந்தக் கனக் குறைவோ, பேட்டின் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்ததோதான்.

நீங்களே செய்யலாம். ஆனால் முதல் தடவை, ஏற்கெனவே செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இது பிரேக் வேலை, தம்பி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். காலிப்பரை (பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள், பிரேக் கிளீனரால் அதைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், பேட்டும் புதிதாக. காலிப்பரின் பின்கள் (அது நகர்வதற்கான தண்டுகள்) வழுக்கிக்கொண்டு நகர்கின்றனவா என்றும் பாருங்கள். பின்பக்கம் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் அதை முறையாக சர்வீஸ் நிலைக்குக் கொண்டு போகாமல் காலிப்பருக்குள் பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளாதீர்கள்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதி தரைவரை போய்விடும். அப்புறம் ஆளில்லாத ரோட்டில் ஒரு 50 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்துக் குறைத்து எட்டுப் பத்து முறை பிரேக் அடியுங்கள், முழுக்க நிறுத்தாமல். டிஸ்க் சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நின்றால், பேட் தொட்டிருக்கும் இடத்தில் அதன் பொருள் படிந்து அதே உதறலைக் கொண்டுவந்துவிடும்.